லேசான மதமதப்பு

டாக்டரின் மேசைமேல் இருந்த பேசும் கணினிப் பதிவேடு வாய்விட்டுப் படித்துக் காட்டியது: “கைவிரல்களில் லேசான மதமதப்பு. வேறு தொந்தரவு இல்லை. சரிதானாம்மா?”

நோயாளி தன் வாயால் சரி என்று சொல்லாமல் எந்தப் பதிவையும் அது மூடாது. புற்றுநோய்க்குக் கீமோ ஏற்ற ஆரம்பித்த நாலு மாதமாக, டெய்லர் செண்பகவல்லி யோசிக்காமல் சரி சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். வெளியே முப்பது பேர் நிற்கும்போது டாக்டரம்மாவைக் காக்கவைப்பதாவது! இன்று மட்டும் தன் விரல்களை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

“சரியில்ல,” என்றாள்.

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார்.

“லேசா எல்லாம் இல்லம்மா. நேத்து ஜாக்கெட்டுக்குக் கொக்கி தச்சேன். ஊசி விரல்ல ஏறுனதே தெரியல. வெள்ளத் துணி செவந்த பெறகுதான் பாத்தேன். இருபத்தேழு வருசத் தொழில்ல இப்படி ஆனதே இல்ல.”

பதிவேடு அவள் சொன்னதை அப்படியே எழுதித் திரும்பப் படித்தது. “இப்ப சரி,” என்றாள்.

டாக்டர் மருந்தை மாற்றினார். “இத முதல்லயே சொல்லியிருக்கலாம்ல?”

“மதமதப்பு லேசாவான்னு கேட்டா ஆமான்னுதான் வாயில வருது. ஊசி குத்துனா தெரியுதான்னு கேட்டிருந்தா அப்பவே சொல்லியிருப்பேன்.”

மூன்று வாரம் கழித்து அவள் மறுபடி வந்தபோது, காத்திருக்கும் கூடத்தில் இருந்த இன்னொரு பதிவேடு பக்கத்து நாற்காலிக்காரரிடம் புதிதாக ஒரு கேள்வி கேட்டுக்கொண்டிருந்தது: “விரலில் ஊசியோ முள்ளோ குத்தினால் உடனே தெரிகிறதா ஐயா?”

“அதெல்லாம் ஒண்ணுமில்ல,” என்று அவர் கையை ஆட்டினார்.

செண்பகவல்லி முந்தானையைச் சரிசெய்து நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“அண்ணாச்சி, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அது என் கேள்வி.”