யாருடைய சாவி?

“பள்ளிக்கூடத்தைப் பாதியில விட்டவளுக்கு இதெல்லாம் பிடிபடுமா?” என்று வேலைக்குச் சேர்ந்த அன்று கேட்ட மேனேஜர், இன்று அவளைக் கண்டதும் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

“நல்லவேளை, நீ வந்தேம்மா! பதினொரு மணிக்குத் தேர்வு முடிவு வெளியாகணும். புது புரோகிராம் கோடு சர்வருக்கே போகமாட்டேங்குது. கோடெல்லாம் சேர்த்து வெச்சிருக்கிற ரெப்போவே இல்லைன்னு கம்ப்யூட்டர் சாதிக்குது.”

“நேத்து இருந்ததை இன்னைக்குக் காக்காவா தூக்கிட்டுப் போச்சு?” என்று தலையைப் பிய்த்துக்கொண்டான் அவளுடைய பக்கத்து சீட்டுக்காரன்.

அவள் திரையைப் பார்த்தாள். “ரெப்போ பத்திரமா இருக்கு சார். அனுமதி இல்லாத டிஜிட்டல் சாவியோட உள்ளே போனா, இல்லைன்னுதான் சொல்லும். காலையில யாரோட கணக்கையாவது நீக்கினீங்களா?”

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “உன்னோடதைத்தான்மா. நேத்தோட உன்னை வேலையிலேருந்து நிறுத்தியாச்சே.”

அடையாள அட்டையை ஒப்படைக்கத்தான் அவள் வந்திருந்தாள். “கோடை சர்வருக்கு அனுப்ப தானா ஓடுற வேலையை என் சொந்தச் சாவியில ஓடவிட்டது என் தப்புதான் சார்.”

“உன் கணக்கையே திரும்பப் போட்டுடறேன். நாளையிலேருந்து வந்துடும்மா.”

“வேண்டாம் சார். ஆபீஸ் பேர்ல ஒரு சாவி போடுங்க. அப்புறம் யார் போனாலும் வேலை நிக்காது.”

அவள் சொல்லச் சொல்லப் பக்கத்து சீட்டுக்காரன் தட்டினான். பத்து ஐம்பதுக்கு, கோடு சர்வருக்குப் போய்ச் சேர்ந்ததாகத் திரையில் பச்சை விழுந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். மேனேஜர் திரும்பிப் பார்த்தபோது, அட்டையை மேசைமேல் வைத்துவிட்டு அவள் வாசலைத் தாண்டிக்கொண்டிருந்தாள்.