உள்மடிப்பு

“கீழே பாருங்க. நல்லாக் குனிஞ்சு பாருங்க.”

கல்யாணம் பேச வந்த இடத்தில் முயல் கூண்டுக்கு அடியில் குனிய வேண்டியிருக்கும் என்று டெய்லரும் நினைக்கவில்லை, அவருடைய அக்காவும் நினைக்கவில்லை. இருந்தாலும் குனிந்தார்கள்.

தரையில் புழுக்கை கிடந்தது. தீவனம் ஒரு துணுக்குகூட இல்லை.

“பார்த்தீங்களா?” முயல்கார அம்மா இடுப்பில் கை வைத்து நிமிர்ந்து நின்றாள்.

எங்க வீட்டில் ஒரு பெண் இருக்கிறாள், நல்ல இடம் வந்தால் சொல்லுங்கள் என்று தீவனக் கடையில் சொல்லிவைத்ததே அவள்தான். பெண்ணுக்கும் இது இரண்டாவது கல்யாணம், டெய்லருக்கும் இரண்டாவது. கடைக்காரரே இரண்டு பக்கமும் பேசி வரச் சொல்லிவிட்டார்.

அந்தப் பெண் கொட்டகையின் மறுகோடியில் கூண்டுகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். கை அங்கே, காது இங்கே.

அக்காவுக்கு முயல் புதிதல்ல. ஒரு காலத்தில் வளர்த்துப் பார்த்தவள். முயல் இளைத்தது, சிந்திய தீவனத்தைத் தின்று எலி கொழுத்தது என்று கைகழுவியவள். அதனால் இன்னொரு தடவை குனிந்தாள். இது சந்தேகக் குனிவு.

“நாங்க வர்றோம்னு பெருக்கிட்டீங்களோ?”

முயல்கார அம்மா ஒரு கை தீவனத்தை அள்ளிக் கூண்டின் வெளியே மாட்டியிருந்த தகரப் பெட்டியில் போட்டாள். கூண்டுக்குள் இருந்த பெரிய பெட்டை முயலுக்கு மந்திரி என்று பெயர். மந்திரி வந்தது. கூண்டின் திறப்பு வழியாகப் பெட்டிக்குள் தலையை விட்டது. முன்னங்காலால் கிணறு வெட்டுவதுபோல் பறித்தது.

தீவனம் துள்ளி எழுந்து, உள்பக்கமாக மடிந்திருந்த தகர விளிம்பில் மோதி, பெட்டிக்குள்ளேயே விழுந்தது.

மந்திரி இன்னும் இரண்டு தடவை பறித்துப் பார்த்துவிட்டு, மரியாதையாகத் தின்ன ஆரம்பித்தது.

முயல்கார அம்மாவின் வாய்க்கு அதற்கு மேல் பூட்டு இல்லை. முதலில் கிண்ணத்தில் வைத்தார்களாம். முயல் அதில் ஏறி உட்கார்ந்ததாம், மூத்திரம் பெய்ததாம், நனைந்ததை முகர்ந்துகூடப் பார்க்கவில்லையாம். அந்தப் பெண்தான் சினிமா பார்ப்பதுபோல் கூண்டுக்கு முன்னால் உட்கார்ந்து பார்த்தாளாம். பிறகு எண்ணெய் டின்னை வெட்டினாளாம். ஏற முடியாத உயரத்தில் மாட்டினாளாம். தூளுக்குப் பயந்துதான் முயல் கிளறுகிறது என்று கண்டுபிடித்து, அடித்தகட்டை எடுத்துவிட்டுச் சல்லடை வைத்தாளாம். உதிர்கிற தூளையும் தட்டில் பிடித்துக் கோழிக்குப் போடுகிறாளாம்.

“அம்மா, போதும்மா,” என்றது மறுகோடி.

டெய்லர் விளிம்பில் கட்டைவிரலை ஓட்டினார். அப்போதுதான் முதல் தடவையாக வாயைத் திறந்தார்.

“தகரம், ஆனா கையைக் கிழிக்கல. ஓரம் மடிச்சுத் தைச்ச மாதிரி இருக்கு.”

மறுகோடியில் தண்ணீர்ச் சத்தம் நின்றது. கொஞ்சம் பொறுத்துத்தான் மறுபடி கேட்டது.

அக்கா வரிசையாகக் கூண்டுகளைப் பார்த்தாள். “பொண்ணு எங்க வீட்டுக்கு வந்துட்டா இதையெல்லாம் யாரும்மா பார்ப்பா?”

“முயலும் வரும், கூண்டும் வரும். எல்லாம் அவ கையால ஆனது. நீங்க ஒரு வண்டியோட வாங்க.”

“அப்ப உங்களுக்கு?”

“எனக்கென்ன, காலும் கையும் நல்லாத்தானே இருக்கு.”

அக்காவின் குரல் இளகிவிட்டது. “இப்படி ஒரு பொண்ணு. பெத்த வயிறு குளிர்ந்திருக்கும்.”

முயல்கார அம்மா சிரித்தாள். முகத்தில் இருந்த பெருமை ஓர் இம்மிகூடக் குறையவில்லை.

“நான் பெத்தது, செத்துப்போன இவ புருஷனை,” என்றாள். “இவ எனக்குக் கிடைச்சவ.”