பதினேழாம் எண் ரத்தம்

“பொடுகு ஷாம்பூ ஒண்ணு வாங்கிக் குடுங்கப்பா இவனுக்கு” என்றான் எங்களோடு வேலை பார்க்கும் ஒராசியோ.

கூட்ட அறையில் எல்லோரும் சிரித்தார்கள். ஃபெர்மீன் சிரிக்கவில்லை.

திரையில் ஒன்பதாயிரம் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் ஒரே பெண்ணின் ரத்தத்திலிருந்து தனியே பிரித்துப் படித்த ஒரு செல். அவற்றில் ஒன்று மட்டும் ஆணுடையது.

மகனைப் பெற்றவளின் ரத்தத்தில் அந்த மகனின் செல்கள் பல வருடங்கள் தங்கிவிடுவதுண்டு. அவற்றைத் தேடுவதுதான் அர்ஜென்டினாவின் துக்குமான் நகரில் எங்கள் ஆய்வுக்கூடத்தின் வேலை. ஆனால் பதினேழாம் எண், பிள்ளை பெறாதவர்கள் வரிசை. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக எடுத்த ரத்தம். பெயர் கிடையாது, எண் மட்டும்.

அந்த வரிசையில் ஆண் செல் வந்தால், ரத்தத்தைக் கையாண்டவன் சிந்தியது என்றுதான் கொள்வோம்.

அதைப் பிடிக்கத்தான் இங்கே வேலைக்குச் சேரும் ஒவ்வொருவரும் முதல் நாளே எச்சில் கொடுத்து, தம் மரபணுவைப் பதிந்துவைக்கிறோம். இயக்குநர் பஸுவால்தோ ஒப்பிட்டுப் பார்த்திருந்தார்.

“உன்னோடதுதான் ஃபெர்மீன். அச்சு அசல்.”

“நான் கையுறை ஒழுங்காத்தான் போட்டேன் டாக்டர்.”

“அப்ப செல் என்ன, றெக்கை கட்டிப் பறந்து வந்துச்சா?”

எல்லோரும் பகிர்ந்து உறிஞ்சும் மாத்தே தேநீர்க் குவளை கைமாறி அவனிடம் வந்தது. உறிஞ்சாமல் அடுத்தவரிடம் தள்ளினான்.

அவன் என் அண்ணன் வீட்டுப் பிள்ளை. அவனை இங்கே சேர்த்துவிட்டவள் நான். சுத்த அறைக்கு முப்பத்தொரு வருடமாக நான்தான் பொறுப்பு. எங்கள் அச்சாவல் குடும்பத்துக் கை எதையும் சிந்தியதில்லை.

பஸுவால்தோ ஒரு காகிதத்தை மேசையில் நகர்த்தினார். தவறு என்னுடையது, வேலையை விட்டு விலகுகிறேன் என்று அதில் இருந்தது.

ஃபெர்மீன் பேனாவை எடுத்தான்.

நான் எழுந்தேன். எனக்கு வயது அறுபது. எழும்போது நாற்காலியைப் பிடிப்பதில்லை.

“பேனாவைக் கீழ வைடா.”

“டோன்யா எர்மினியா, சொந்தக்காரன்னு பரிஞ்சு பேசாதீங்க. கம்ப்யூட்டர் பொய் சொல்லாது” என்றார் பஸுவால்தோ.

“பொய் சொல்லுதுன்னு நான் எங்க சொன்னேன்? செல் இவனோடதுதான்.”

ஒராசியோவின் சிரிப்பு பாதியில் நின்றது.

எங்கள் அப்பா ஒரு பொய்யைக் குடும்ப மானம் என்று சொல்லி என்னிடம் ஒப்படைத்தார். முப்பத்து நான்கு வருடம் அதைக் காத்தேன். ஞாயிற்றுக்கிழமைத் தேவாலயப் பூசையில் ஒருவர் பார்வைக்கும் தலை குனிந்ததில்லை. ஆனால் செய்யாத தவறுக்கு எங்கள் வீட்டுப் பிள்ளை கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியேறினால், அதற்குப் பிறகு காப்பதற்கு என்ன மானம் மிச்சம்?

“செல் இவனோடது. ஆனா இவன் கையிலேர்ந்து விழலை” என்றேன். “பதினேழாம் எண் ரத்தம் என்னோடது.”

பஸுவால்தோவுக்கு உடனே விளங்கவில்லை. கல்யாணமாகாதவள் என்று அவர்தான் என்னை அந்த வரிசைக்குக் கேட்டார். மறுத்தால் ஏன் என்று கேட்பார்கள். அதனால் அன்று கையை நீட்டி ரத்தம் கொடுத்தேன்.

பேனா மேசையில் உருண்டது. நான் ஃபெர்மீனைப் பார்க்கவில்லை.

“வரிசையை மாத்திக்குங்க டாக்டர். பதினேழு, பிள்ளை பெத்தவ.”