கண்ணாடிக்காரரின் ஆட்சேபணை

"திருடனைக் காலேஜுக்கு அனுப்பறதுக்கா சார் நீங்களும் நானும் வரி கட்டறோம்? மனசாட்சியோட சொல்லுங்க!"

"மெதுவா பேசும்மா. கண் டெஸ்ட்டுக்கு வர்றவங்க காது டெஸ்ட்டுன்னு நினைச்சு ஓடிடப் போறாங்க."

மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர் தலை நிமிரவில்லை. ஊசி மாதிரி இருந்த ஸ்க்ரூ டிரைவரை வைத்து ஒரு ஃப்ரேமின் காதைத் திருகிக்கொண்டிருந்தார். எதிரே நின்றவளுக்கு ஐம்பது வயது இருக்கும். இரண்டு வாரத்தில் அவள் வருவது இது மூன்றாவது தடவை. பெயர் என்ன என்று யாரும் கேட்கவில்லை. கடையில் அவளுக்கு 'மனுக்காரம்மா' என்றே பெயர் விழுந்துவிட்டது.

விஷயம் இதுதான். போன வருஷம் இந்தக் கடைப் பூட்டை உடைத்து, முப்பது ஃப்ரேமையும் பவர் பார்க்கிற மிஷினையும் தூக்கிக்கொண்டு போன பையன் இப்போது உள்ளூர் ஜெயிலில் இருக்கிறான். பிடித்த அன்றே குற்றத்தை ஒப்புக்கொண்டதால் கடைக்காரர் கோர்ட் வாசலை மிதிக்க வேண்டி வரவில்லை. அரசாங்கச் செலவில் பட்டப்படிப்பு படிக்கத் தேர்வான கைதிகள் பட்டியலில் இப்போது அவன் பெயரும் இருக்கிறது. பறிகொடுத்தவர் ஆட்சேபணை என்று ஒரு கையெழுத்துப் போட்டால் போதும், பெயரை அடித்துவிடுவார்கள். அதற்குக் கடைசி நாள் இன்று. ஆபீஸ் ஐந்து மணிக்கு மூடிவிடும். இப்போது மணி நாலு.

பட்டியலில் உள்ள கைதிகளிடம் பறிகொடுத்த எல்லோர் வீட்டுக்கும் போய்த் தான் இந்தக் கையெழுத்தை வாங்கிக்கொண்டிருப்பதாக மனுக்காரம்மா முதல் நாளே சொல்லியிருந்தாள்.

"முதல்ல உன் கண்ணாடியைக் கழட்டு. ஒரு பக்கம் சாஞ்சு கிடக்கு. நியாயம் பேசற ஆளுக்குக் கண்ணாடியாவது நேரா இருக்க வேண்டாமா?"

"கண்ணாடி கிடக்கட்டும் சார். கையெழுத்து..."

"கழட்டும்மா. காசெல்லாம் வேண்டாம்."

லென்ஸ் துடைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி திரும்பினாள். "எங்க வீட்டுக்காரருக்கு அந்தத் திருடன் மேல பாசம் பொத்துக்கிட்டு வருதும்மா. எங்க கல்யாண நாளை மறந்துடுவார். அவன் காலேஜ் என்னைக்குத் திறக்குதுன்னு மட்டும் கரெக்டா சொல்றார்!"

"பாசம் இல்லடி, பயம். வெளியே வந்தா அவனுக்குத் தெரிஞ்ச ஒரே தொழில் என் பூட்டு. வேற தொழில் தெரிஞ்சா என் பூட்டு பிழைக்கும் இல்ல? அதுக்குத்தான் வரி கட்டறேன்னு நினைச்சுக்கறேன்."

"எங்க பக்கத்து வீட்டுல ஒரு பொண்ணு இருக்கா சார்." மனுக்காரம்மா குரலை இறக்கினாள். "நல்ல மார்க். காலேஜ்ல இடமும் கிடைச்சுது. ஃபீஸ் கட்ட வழியில்லாம இப்போ ஜவுளிக்கடையில துணி மடிச்சு வச்சுட்டிருக்கா. அவ எந்தப் பூட்டையும் உடைக்கலையே! அவளுக்கு யார் சார் சும்மா படிப்பு குடுத்தாங்க?"

கடைக்காரர் கை நின்றது. போன இரண்டு தடவையும் அவள் இதைச் சொல்லவில்லை.

"இதுக்குப் பதில் சொல்லுங்க பார்ப்போம்!" மனைவிக்கு உற்சாகம் தாங்கவில்லை. "என்னைக் கேட்டா, அந்தப் பயலைக் கண்காணாத ஊருக்குக் கொண்டு போய்க் கல்லு உடைக்க விடணும்."

"ஐயோ, அதெல்லாம் வேண்டாம்க்கா!" மனுக்காரம்மா பதறிப் போனாள். "இங்கேயே இருக்கட்டும். படிப்பு மட்டும் வேண்டாம்."

"பாருங்களேன், எவ்வளவு மரியாதையா எதிர்க்கறாங்கன்னு! நானா இருந்தா கிழிச்சுத் தொங்க விட்டிருப்பேன்" என்றாள் மனைவி.

கடைக்காரர் சரிசெய்த கண்ணாடியைத் துணியால் துடைத்து அவளிடம் கொடுத்தார்.  துணி மடிக்கிற அந்தப் பெண் அவர் கண்ணிலேயே நின்றாள். அவள் இந்தக் கடைக்கு வந்து நேருக்கு நேர் கேட்டால் என்ன சொல்வது?

"சரி, குடும்மா. போட்டுத் தொலைக்கறேன்."

மனுக்காரம்மா நெஞ்சோடு அணைத்திருந்த பிளாஸ்டிக் கவரிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். பதினைந்து நாள் சுமந்த தாள். ஒரு மடிப்பு இல்லை, ஒரு கசங்கல் இல்லை. அதை நீட்டினாள். கடைக்காரர் பேனா மூடியைக் கழற்றினார். கையெழுத்துக்கு மேலே ஒரு காலிக் கட்டம்.

"இதுல 'காரணம்'னு ஒரு கட்டம் இருக்கே? மத்தவங்க என்ன எழுதியிருக்காங்க? ஒண்ணு காட்டு, பார்த்து எழுதிடறேன்."

அவள் கவரை மறுபடி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"எடும்மா, மணி ஆகுது."

"வேற தாள் இல்ல சார்."

"இல்லையா? வீடு வீடா வாங்கறேன்னியே?"

"பொய் சொன்னேன் சார். இது ஒண்ணுதான்."

மனைவி கையிலிருந்த லென்ஸைக் கீழே வைத்தாள். "அப்போ எங்க கடைக்கு மட்டும் எதுக்கும்மா இப்படி அலையறே?"

நேராக்கிய கண்ணாடிக்குள் அவள் கண் நிறைந்துவிட்டது. "நீங்க சொன்னதெல்லாம் சரிதான் சார். படிச்சா உருப்பட்டுடுவான். எனக்கும் தெரியுது. ஆனா அந்தக் காலேஜ் இருக்கற ஜெயிலுக்கு ஒரு பகல், ஒரு ராத்திரி ரயில்ல போகணுமாம். இங்கேன்னா ஞாயித்துக்கிழமை தவறாம நடந்தே போய் என் புள்ளை முகத்தைப் பார்த்துட்டு வந்துடறேன்."

திறந்த பேனாவோடு கடைக்காரர் அப்படியே உட்கார்ந்திருக்கிறார். நீங்கள் அந்த நாற்காலியில் இருந்தால் கையெழுத்துப் போடுவீர்களா, மாட்டீர்களா? எனக்குத் தெரியவில்லை. ஒரு வரியாவது எழுதிச் சொல்லுங்கள்.