காலிக் கப்பல்

தலையில் ஓலைத் தொப்பி, கழுத்தில் நீச்சல் கண்ணாடி. காலை ஏழு மணிக்கே தீவுக்குக் கிளம்பிய கோலத்தில் லொரெய்ன் கப்பலின் சாப்பாட்டுக் கூடத்துக்கு வந்துவிட்டாள்.

"முதல் படகுலயே போயிடுங்க, பெவர்லி. மணல் மைதா மாவு மாதிரி இருக்காம். கொஞ்சம் அசந்தாலும் நிழல் கிடைக்காது."

"அதைத்தான் நானும் உங்ககிட்ட சொல்ல வந்தேன்," என்றாள் எதிரே முட்டை தின்றுகொண்டிருந்த பெவர்லி. அவள் கழுத்திலும் நீச்சல் கண்ணாடி. "அங்க பன்னிங்க கடல்ல நீந்துதாம். பார்க்காம விட்டா ஆயுசுக்கும் வருத்தப்படுவீங்க."

பஹாமாஸ் கடலில் கப்பல் கம்பெனி புதிதாக வாங்கிய சொந்தத் தீவு அது. முதல் பயணத்துக்கு வைர அட்டைக்காரர்களை மட்டும் அழைத்திருந்தார்கள். அதாவது இருபது தடவைக்குமேல் கப்பலேறி, பழம் தின்று கொட்டை போட்ட இரண்டாயிரம் பேர்.

எட்டு மாதமாக அவர்களுடைய ஃபேஸ்புக் குழுவில் இதே பேச்சுதான். தீவில் மனித வாடையே இருக்கக் கூடாது என்று எழுதினார் ஒருவர்; ஐந்து மதுக்கடையாவது வேண்டும் என்று எழுதியதும் அவரேதான். மணல் காலில் ஒட்டுமா என்று ஒரு பெண்மணி கேட்க, தங்களுக்கும் அதே கவலை என்று நூற்றுப் பன்னிரண்டு பேர் பதில் போட்டார்கள்.

அந்தக் குழுவில் தீவை அதிகமாகப் புகழ்ந்தவள் லொரெய்ன்.

அறைக்குத் திரும்பியதும் தொப்பியைக் கழற்றிக் கட்டிலில் எறிந்தாள். வெயிலுக்குக் களிம்பு பூசிக்கொண்டிருந்த கணவர் வெர்னான் நிமிர்ந்து பார்த்தார்.

"நீ மட்டும் போயிட்டு வா, வெர்னான்."

"இன்னைக்கு நம்ம கல்யாண நாள். நாப்பதாவது. மணல்ல கைகோத்து நடக்கலாம்னு நீதானே சொன்ன?"

"நான் சொன்னேன். என் முட்டி சொல்லலையே." அவள் கட்டிலில் உட்கார்ந்து வலது காலை நீட்டினாள். "கப்பலோட பின்பக்கம் வெந்நீர்த் தொட்டி இருக்கு பாரு, அதுல எட்டு பேர்தான் உட்கார முடியும். இருபத்திரெண்டு பயணம் வந்தாச்சு. ஒரு தடவையாவது இடம் கிடைச்சுதா? இன்னைக்கு எல்லாரும் தீவுக்குப் போயிடுவாங்க. மொத்தக் கப்பலும் காலி."

"அதுக்காகத்தான் எட்டு மாசமா தீவைப் புகழ்ந்து தள்ளினியா?"

"பின்ன? சும்மா இருந்தா போவாங்களா?"

வெர்னான் களிம்பு டப்பாவை மூடினார். "நான் அந்தத் தீவுக்காகத்தான் வந்தேன், லொரெய்ன். உன்னோட போறதுக்காக."

"சாயங்காலம் கேக் வெட்டிக் கொண்டாடலாம். போ, வரிசை நீண்டுடும்."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு தனியாகக் கிளம்பினார்.

அவ்வளவு பெரிய கப்பல் கரையை நெருங்கினால் தரை தட்டிவிடும். அதனால் ஆழத்திலேயே நங்கூரம் போட்டுவிட்டு, சிறு படகுகளில் நூறு நூறு பேராகக் கொண்டுபோவார்கள். யார் முந்தி என்று தகராறு வராமலிருக்க, நாலாம் தளத்தில் ஏழு மணிக்கே மேசை போட்டு உட்கார்ந்து, வருகிற வரிசைப்படி நம்பர் டிக்கெட் கொடுப்பார்கள்.

எட்டேகாலுக்கு வெர்னான் தன் டிக்கெட்டைப் படம் பிடித்து அனுப்பினார். அதில் பெரிதாக 1 என்று போட்டிருந்தது.

"எல்லாரையும் முந்திட்டான் பாரு, கில்லாடி," என்று லொரெய்ன் தனக்குள் சிரித்துக்கொண்டாள்.

ஒன்பதரைக்குத் துண்டும் இரண்டு பிளாஸ்டிக் கிளிகளுமாகப் புறப்பட்டாள். கிளி என்றால் கவ்வி. சாய்வு நாற்காலியில் துண்டை விரித்து, அந்தக் கிளியால் கவ்வ வைத்துவிட்டால் நாற்காலி உங்களுடையது. ஆள் இரண்டு மணி நேரம் வராவிட்டாலும் யாரும் தொட மாட்டார்கள். கப்பலில் அது எழுதாத சட்டம்.

பின்தளத்தின் கதவைத் தள்ளினாள்.

ஒரு நாற்காலி மிச்சமில்லை. கிளி, நண்டு, வாத்து, கொக்கு என்று ஒவ்வொரு துண்டையும் ஏதோ ஒரு பிளாஸ்டிக் பிராணி கவ்விக்கொண்டிருந்தது. எட்டுப் பேர் கொள்ளும் வெந்நீர்த் தொட்டியில் பதினோரு தலை. நட்டநடுவில், நீச்சல் கண்ணாடியைக்கூடக் கழற்றாமல் பெவர்லி.

"நீங்க தீவுக்குப் போகலையா?" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

பெவர்லி கொஞ்சம் யோசித்தாள். "முட்டி வலி," என்றாள்.

"எனக்கும்," என்றார் பக்கத்திலிருந்தவர், யாரும் கேட்காமலேயே.

லொரெய்ன் ஈரத் தரையில் துண்டோடு நின்றாள். கைபேசி அடித்தது. எடுத்ததும் மேளமும் மாட்டு மணியும் காதைப் பிளந்தன.

"கேக்குதா? எல்லாம் எனக்குத்தான்," என்று கத்தினார் வெர்னான். "படகுல நூறு சீட்டு. எந்த சீட்டு வேணும்னு கேட்டாங்க. இங்க நாப்பது பேர் வரிசையா நின்னு பாடறாங்க. ரெண்டாயிரம் பேருக்குச் சங்குக்கறி வடைக்கு மாவு கரைச்சு வெச்சுட்டு, எத்தனை வேணும்னு என்னைக் கேக்கறாங்க."

"மத்தவங்க எல்லாம் எங்க?"

"பன்னிங்க இருக்கு. நாலு."

லொரெய்ன் தொட்டியைப் பார்த்தாள். பன்னிரண்டாவதாக ஒருவர் காலை உள்ளே நுழைத்துக்கொண்டிருந்தார். மேளச் சத்தம் சற்று அடங்க, வெர்னானின் குரல் தணிந்து வந்தது.

"ரெண்டாம் நம்பர் டிக்கெட் இன்னும் மேசை மேலயே இருக்காம். உனக்கு எடுத்து வைக்கச் சொல்லட்டுமா?"