லேபிள் ஒட்டிய பிள்ளை

செல்வினுக்குத் தோளில் ஜவ்வு கிழிந்தபோது கிடங்கு நிர்வாகமே புது ஜவ்வு வைத்துக் கொடுத்தது. கிடங்கின் லேபிள் ஒட்டிய பெட்டியைத் தூக்கினால் அது இறுகிப் பிடிக்கும். வேறு எதைத் தூக்கினாலும் தளர்ந்துவிடும்.

அன்று காய்ச்சலில் துவண்ட மகள் ஜெனி அவனிடம் கை நீட்டினாள். தூக்கப் போனான், தோள் வழக்கம்போலத் தொய்ந்தது. நிறைமாத வயிற்றோடு நின்ற மனைவி ரூபிக்கு ஆத்திரம் பொங்கியது. அவன் சட்டைப்பையில் கிடந்த லேபிளை எடுத்துப் பிள்ளையின் முதுகில் அறைந்தாற்போல் ஒட்டினாள்.

"இப்பத் தூக்குங்க."

தோள் இறுகியது. ஜவ்வு வைத்த இரண்டு வருடத்தில் முதல்முறையாக மகள் அவன் தோளில் சாய்ந்தாள்.

அவளைத் தூக்கிக்கொண்டு போய்ச் சேர்ந்த கிளினிக் வாசலில் போன் அடித்தது. ஜவ்வு அனுப்பிய எடையைத் திரையில் பார்த்த கிடங்கு மேற்பார்வையாளர் கத்தினார்.

"செல்வின், பதிமூணு கிலோ சரக்கை எங்கடா தூக்கிட்டுப் போற?"

"எம் பிள்ள சார்!"

"நம்ம லேபிள் இருக்குல்ல? திருப்பிக் கொண்டு வா. இல்லன்னா ஜவ்வைத் தளர்த்திருவேன்."

செல்வின் வாசற்படியில் சம்மணமிட்டு உட்கார்ந்து மகளை மடியில் கிடத்தினான். லேபிளைக் கிழித்து எறிந்தான்.

"தளர்த்திக்கோ சார். மடிக்கு உங்க ஜவ்வு வேண்டாம்."