ஊசியின் மூன்றாவது துண்டு

காகிதத்தை டைப் அடித்தே கொண்டுவந்துவிட்டார்கள். பெயருக்கு மட்டும் இடம் விட்டிருந்தார்கள்.

அவள் தையல் மிஷினை நிறுத்திவிட்டுப் படித்தாள்.

எனது கவனக்குறைவால் ஊசி உடைந்ததை மறைத்துவிட்டேன்.

மறைத்துவிட்டேன்.

அந்தச் சொல்லைத் தாண்டிக் கண் நகரவில்லை.

"போட்ருங்க்கா," என்றான் குழந்தைவேல். நான்காம் லைனுக்கு அவன்தான் சூப்பர்வைசர். "சட்டை வாங்கற வெளிநாட்டுக்காரன் ஒரு பேரு கேக்கறான். குடுத்துட்டா முடிஞ்சுது."

யாருக்கு முடியும் என்று அவன் சொல்லவில்லை.

கையெழுத்துப் போட்டால் நாளையிலிருந்து அவள் கேட்டுக்கு வெளியே. இந்த ஊரில் எந்தக் கம்பெனியில் போய்க் கேட்டாலும், ஊசியை மறைத்தவள் என்ற பேச்சு அவளுக்கு முன்னால் போய் நிற்கும். பதினேழு வருடமாகத் தைக்கிறவள்.

ஊசி உடைவது புதிதில்லை. உடைந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது முதல் நாள் வேலைக்கு வந்தவளுக்கும் தெரியும். மிஷின் நிற்க வேண்டும். துண்டுகளைப் பொறுக்கி நோட்டில் ஒட்ட வேண்டும். ஒட்டிய துண்டுகள் சேர்ந்து ஒரு முழு ஊசி ஆக வேண்டும். அதுவரை புது ஊசி கிடையாது.

தைப்பது குழந்தைகளின் சட்டை.

செவ்வாய்க்கிழமை இரண்டு துண்டுதான் கிடைத்தது. முனை கிடைக்கவில்லை.

அவள் தேடினாள். மடியை உதறினாள். தரையில் மண்டியிட்டுக் காந்தத்தை ஓட்டிப் பார்த்தாள். குழந்தைவேலைக் கூப்பிட்டுச் சொன்னாள். இவர்கள் லைன் அன்று இருநூறு பீஸ் பின்தங்கிக் கிடந்தது. அவன் சட்டைப் பையிலிருந்தே ஒரு புது ஊசியை எடுத்து நீட்டினான்.

"ஓட்டுங்க்கா. அப்பறம் தேடிக்கலாம்."

ஓட்டினாள்.

அது அவள் தப்புத்தான். இல்லை என்று அவள் எங்கேயும் சொல்லவில்லை.

நேற்று பேக்கிங்கில், இரும்பைக் கண்டுபிடிக்கிற மிஷின் கத்தியது. ஒரு சட்டையின் கழுத்துப் பட்டிக்குள் இருந்தது முனை. பிள்ளையின் தொண்டைக்குழி வருகிற இடத்தில்.

கேள்விப்பட்டதும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ராத்திரி முழுக்கத் தன் கழுத்தையே தடவிக்கொண்டிருந்தாள்.

கட்டிய பெட்டிகளை எல்லாம் பிரித்தார்கள். பிரித்துக்கொண்டிருக்கும்போதே இந்தக் காகிதமும் தயாராகிவிட்டது.

"லைன்ல பன்னண்டு பேரு பொழப்பு இருக்குதுங்க்கா," குழந்தைவேல் குரலை இறக்கினான். "நீங்க ஒருத்தர் ஏத்துக்கிட்டா மத்தவிங்களுக்குத் தொந்தரவு இல்ல. டீமுன்னா அப்படித்தானுங்க."

டீம்.

போன மாதம் அதற்கு வகுப்பே நடந்தது. கேன்டீனில் எல்லாரையும் வட்டமாக நிற்கவைத்தார்கள். ஒரு மஞ்சள் பந்தைக் கைமாற்றச் சொன்னார்கள். வெற்றி எல்லாருக்கும், தப்பும் எல்லாருக்கும் என்று மூன்று தடவை சத்தமாகச் சொல்லச் சொன்னார்கள். குழந்தைவேல்தான் உரக்கச் சொன்னான். முடிந்ததும் ஆளுக்கொரு சமோசா கொடுத்தார்கள்.

அவள் நிமிர்ந்தாள்.

"அன்னிக்குச் சமோசா எல்லாத்துக்குந்தானே குடுத்தீங்க. இது மட்டும் எனக்கு ஒருத்திக்கா?"

பின்னால் யாரோ சிரிப்பை அடக்கியது கேட்டது. சிரிக்கத் தெரிகிறது.

நேற்றிலிருந்து ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. அவள் மண்டியிட்டுத் தேடியதைப் பார்க்காத கண் இந்த லைனில் இல்லை. அவன் பையிலிருந்து ஊசி எடுத்ததையும்தான். கழிப்பறையில் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். பாவம்க்கா நீங்க என்றார்கள். வெளியே வந்ததும் அவரவர் மிஷினுக்குப் போய்விட்டார்கள்.

பாவமாம்.

அவள் பேனாவை வாங்கினாள். குழந்தைவேலுக்கு முகம் தெளிந்தது.

மறைத்துவிட்டேன் என்பதை அடித்தாள். பேனா காகிதத்தைக் கிழித்துவிடும்போல அடித்தாள். பக்கத்தில் எழுதினாள்.

செவ்வாய்க்கிழமை பதினொன்றரை மணிக்கு ஊசி உடைந்தது. மூன்றாவது துண்டு கிடைக்கவில்லை. சூப்பர்வைசரிடம் சொன்னேன். அவர் புது ஊசி கொடுத்து ஓட்டச் சொன்னார். ஓட்டினேன்.

கையெழுத்துப் போட்டாள்.

அவன் இரண்டு தடவை படித்தான்.

"நான் சொன்னேனுங்களா? யாரு பாத்தா?"

காகிதத்தைத் தூக்கிப் பிடித்து லைனைப் பார்த்துத் திரும்பினான்.

"ஏனுங், யாராச்சும் பாத்தீங்களா?"

குனிந்த தலைகள். துணி ஓடியது. மிஷின்கள் முன்னைவிட வேகமாகச் சத்தம் போட்டன.

அவன் சிரித்தான். அவள் சாப்பாட்டுப் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

பக்கத்து மிஷின் நின்றது.

நவமணி. அவள் கழுத்துத் தைத்துத் தருகிற சட்டைக்குக் கை வைத்துத் தைப்பவள். வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. குழந்தைவேலை அவள் பார்க்கவில்லை. அவன் கையிலிருந்த காகிதத்தையே பார்த்தாள்.

"நேரம் தப்புங்க்கா," என்றாள். "பதினொன்ர இல்ல. டீக்கு முன்னாடி, பத்தே முக்கால். பீஸ் வரலீன்னு நாந்தான் கத்திட்டு இருந்தேன்."